‘நில்லுங்க’ன்னு சொன்னாலும் செல்லும்

அன்னைக்கு நான் ஒரு பெரிய முடிவெடுத்தேன். கோவில்பட்டியப் பேச வைக்கணும்!

நீங்க கேப்பீங்க, கோவில்பட்டி என்ன வாயப் பொத்திக்கிட்டா இருக்குன்னு. இல்லதான். பஸ் ஸ்டாண்டுல பேசுது. காய்கறி மார்க்கெட்டுல பேசுது. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குத பொம்பளைய, கை ஒரு வேலை வாய் ஒரு வேலைன்னு நாள் பூரா பேசுதாவ. நான் சொல்லுதது அந்தப் பேச்சு இல்ல. நாடகம் பாத்துக்கிட்டு இருக்கும்போதே எந்திரிச்சு, உள்ள வந்து, நடிச்சுக்கிட்டே பேசுத பேச்சு!

மதுரையில மூணு நாள் நாடக முகாம் நடந்துச்சு. பூவனலிங்கம் சார்னு ஒருத்தர் நடத்துனாரு. தாடி, ஜோல்னாப் பை, நெருப்பு மாதிரி பேச்சு. அவரு சொல்லிக் குடுத்தது புதுமாதிரி நாடகம். மேடை கிடையாது. திரை கிடையாது. கூட்டம் வட்டமா உக்காரும். நடுவுல நாம ஒரு பிரச்னைய நடிச்சுக் காட்டணும். ஆனா முடிக்கக் கூடாது. பாக்கவன் எவனுக்காவது, ‘இது சரியில்லயே’ன்னு தோணுச்சுன்னா, ‘நில்லு!’ன்னு ஒரு சத்தம் போடணும். போட்டா எல்லாரும் அப்படியே செலையா நிக்கணும். அவன் உள்ள வந்து, தனக்குப் பிடிச்ச வேசத்த வாங்கிக்கிட்டு நடிக்கலாம். அவன் என்ன பேசுதானோ அதுக்குத் தக்கன மத்தவன் பேசணும். கடைசியில கூட்டம் கை தூக்கி முடிவு சொல்லும்.

எப்படி? எனக்கு முகாம்ல மூணு நாளும் தூக்கம் வரல. புல்லரிச்சுப் போயி கெடந்தேன். கொசுவும் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் வராததுமா பொண்டாட்டிகிட்ட சொன்னேன். என் பொண்டாட்டி பேரு பேபி. கல்யாணப் பத்திரிகையில பேரப் பாத்துட்டு, ‘சின்னப் பிள்ளை மாதிரி இருப்பா, சொன்னதக் கேட்டுக்கிடுவா’ன்னு நெனச்சேன். பேருல மட்டும்தான் பேபி. வீட்டுல பேபி நான்தான்.

“ஏட்டி, இனிமே நாடகம் பாக்கவங்களே நடிக்கப் போறாங்க!”

அவ உளுந்து பொடச்சுக்கிட்டு இருந்தா. சொளகு நிக்கல.

“அப்ப நீங்க என்ன செய்வீங்க?”

“நாங்க ஆரம்பிச்சு வைப்போம்.”

“ஆரம்பிச்சு வச்சிட்டு அடுத்தவங்க தலையில கட்டுததா? அது நம்ம வீட்டுல தெனமும் நடக்குதுல்லா. இதப் படிக்கவா மதுரைக்குப் போனீங்க?”

“ஒனக்குப் புரியல. இப்ப ஒரு பஸ்ஸு இருக்குன்னு வையி. அதுல போற ஆளே...”

“எந்திரிச்சுப் போயி வண்டிய ஓட்டலாம். புரியுது. அந்த பஸ்ல பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் ஏற மாட்டேன்.”

சொளகு ரெண்டு தட்டு தட்டுச்சு.

“ஆமா, போகும்போது எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனீங்க?”

நான் மேல பாத்தேன். ஒட்டடை இருந்துச்சு.

“டைப்ரைட்டிங் மாநாடு,” ன்னேன்.

“அந்தத் தாடிக்காரருதான் ஏ எஸ் டி எஃப் சொல்லிக் குடுத்தாராக்கும்?”

நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல வாத்தியார். அதனால எங்க போனாலும் டைப்ரைட்டிங்குன்னு சொன்னா நம்பிருவான்னு ஒரு கணக்கு. கணக்குதான் என் வீக் சப்ஜெக்ட். அன்னைக்கே அவ என்கிட்ட வாக்கு வாங்கிட்டா. இனிமே எங்க போனாலும், எதுக்குப் போறேன், எத்தனை நாளுன்னு உள்ளத உள்ளபடி சொல்லிட்டுத்தான் போகணும்.

சரின்னுட்டேன். அடுத்து எங்க போகப் போறோம்னு ஒரு நெனப்பு.

பத்தாம் நாள் பூவனலிங்கம் சார்கிட்ட இருந்து கடுதாசி. ‘தோழர் சோலைராஜுக்கு’ன்னு ஆரம்பிச்சிருந்தாரு. தோழர்! எங்க வம்சத்துல அதுவரைக்கும் யாரையும் யாரும் தோழர்னு கூப்பிட்டதில்ல. மாசிக் கடைசியில பத்து நாள் சுத்துப்பயணம். மணியாச்சியில ஆரம்பிச்சு கரிசக்காட்டு ஊரெல்லாம் வீதி நாடகம். கோவில்பட்டியில இருந்து ஒரே ஒரு ஆளுதான் எடுக்காரு. அது நான்! அந்தக் கடுதாசிய நான் பதினோரு தடவ படிச்சேன்.

அதே தபால்ல இன்னொரு கார்டும் வந்துச்சு. அது பேபிக்கு. பால்வாடி டீச்சர் வேலைக்கு அவ எழுதிப் போட்டிருந்தா. திருநெல்வேலியில பத்து நாள் பயிற்சி, வந்து சேரணும், வராட்டா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவோம்னு போட்டிருந்துச்சு.

ரெண்டும் ஒரே திங்கக்கிழமை.

வீட்டுல பிள்ளை ஒண்ணு. வயசு ஒன்றரை. என் அம்மை இல்ல. பேபியோட அம்மைக்குக் கண்ணு ஆபரேசன் ஆகி, பச்சைத்துணி கட்டி உக்காந்திருக்கா. ஆக, பத்து நாளைக்குப் பிள்ளையப் பாக்க ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அவ இருக்கணும்.

பேபி கார்ட ஒரு தடவதான் படிச்சா. மடிச்சு உப்புச் சாடிக்கு அடியில வச்சா.

“என்னங்க, இதுக்கு என்ன செய்ய?”

“பார்ப்போம்.”

ரெண்டு நாள் கழிச்சு, “என்னங்க, அந்தக் கார்டு...”

“பார்ப்போம்ட்டி.”

மூணாவது தடவ அவ கேட்டப்ப நான் பல் தேச்சுக்கிட்டு இருந்தேன். அப்பயும் நுரையோட ‘பாப்போம்’னேன். எங்க ஊருல ஆம்பளை ‘பார்ப்போம்’னு சொன்னா பாக்க மாட்டான்னு அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். அதுக்குமேல அவ கேக்கல.

நான் கெட்டவன் இல்ல. அவசரக்காரன். என் கண்ணுக்கு என் கடுதாசி மட்டும்தான் பெருசாத் தெரிஞ்சுச்சு. ஆனா அதச் சொல்லத்தான் முடியல! வாயத் தொறந்தா, ‘அப்ப பிள்ளைய யாரு பாக்குதது?’ன்னு ஒரே கேள்வி வரும். 

(இருங்க. ஸ்பீடு டெஸ்டுக்கு மணி அடிக்கணும்... அடிச்சாச்சு. எங்க விட்டேன்? ஆங்.)

அப்பத்தான் பொறி தட்டுச்சு. நேருக்கு நேரா சொல்ல முடியாதத ஊரு நடுவுல வச்சு சொல்லுததுக்குத்தானே இந்த நாடகத்தையே கண்டுபிடிச்சிருக்கான்!

நேரா போயி கருத்தப்பாண்டியப் பிடிச்சேன். என் கூட்டாளி. ஆறடி ஒசரம். பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே எல்லா நாடகத்துலயும் அவன்தான் பொம்பளை வேசம். டீக்கடையில வச்சு திட்டத்தச் சொன்னேன்.

“கதை இதுதான்லே. ஒரு கலைஞன். நாட்டுக்கு உழைக்கத் துடிக்கான். பொண்டாட்டி விட மாட்டேங்கா. அவ ‘பிள்ளைய யாரு பாக்குதது?’ன்னு கேக்கவும் நம்ம ஆளு ஒருத்தன் கூட்டத்துல இருந்து ‘நில்லு!’ங்கான். உள்ள வந்து பொண்டாட்டி வேசத்த வாங்கிக்கிட்டு, ‘போயிட்டு வாங்க, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்’ங்கான். ஊரே கை தூக்குது. என் பொண்டாட்டி அதப் பாக்கா. மனசு மாறுதா. எப்படி?”

“மதினிகிட்ட நேரா கேட்டுரலாம்லாண்ணே?”

“ஏலே, நேரா கேக்க முடிஞ்சா கலை எதுக்குலே?”

“எந்த ஊருல போடப் போறோம்?”

“பசுவந்தனை.”

டீ அவன் மூக்குல ஏறிட்டு. “அது மதினி பொறந்த ஊருல்லா!”

அங்கதான் இருக்கு என் மூளை. பேபி யாரு சொன்னாலும் கேக்க மாட்டா. ஆனா அவ பெரியப்பா வன்னியபெருமாள் சொன்னா கேப்பா. அவரு பசுவந்தனையில பெரிய சம்சாரி, காடு கரை உள்ளவரு. மீசையத் தடவிக்கிட்டு ‘குடி’ன்னா, வேப்பங்கசாயத்த பாயாசம் மாதிரி குடிச்சிருவா. அவரு தலைமையில அந்த ஊரே கை தூக்குனா பேபியால மீற முடியுமா?

கூட்டத்துல உக்காந்து ‘நில்லு’ன்னு சொல்ல சங்கரபாண்டியன ஏற்பாடு பண்ணுனேன். என்கிட்ட டைப்ரைட்டிங் ஹையர் படிக்குத பையன். நாடகத்த நானே டைப் அடிச்சேன். அவன் பேச வேண்டிய வசனத்த மட்டும் செவப்பு ரிப்பன்ல அடிச்சேன். தாளெல்லாம் பெட்டிக்கடியில, வேட்டிக்கு அடியில, பழைய பேப்பருக்கும் அடியில ஒளிச்சு வச்சேன்.

பேபிகிட்ட, “ஞாயித்துக்கிழமை ஒங்க ஊருல நாடகம் போடுதேன்ட்டி. வாரியா?” ன்னேன்.

“நீங்களா கூப்பிடுதீங்களா?” ன்னா. ஒரு மாதிரி சிரிச்சா. பொறந்த ஊருக்குப் போற சந்தோசம்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. பருத்தி எடுத்துட்டு வந்த சனமெல்லாம் களத்துல வட்டமா உக்காந்தாச்சு. நூத்தம்பது தலை இருக்கும். வன்னியபெருமாள் மாமாவுக்கு மட்டும் ஒரு பெஞ்சு. பக்கத்துல பேபி, மடியில எங்க பய.

நான் நடுவுல போயி நின்னு கையத் தூக்குனேன். பூவனலிங்கம் சார் மாதிரியே பேசுனேன்.

“பெரியோர்களே, தாய்மார்களே! இங்கன நடிப்புன்னு ஒண்ணு கிடையாது! இங்கன பேசுத ஒவ்வொரு சொல்லும் நெசம்! நீங்க வெறும் வேடிக்கை பாக்கவங்க இல்ல, நீங்கதான் நாடகம்! நீங்க எடுக்குததுதான் முடிவு! பிடிக்கலன்னா ‘நில்லு’ன்னு சொல்லுங்க!”

வன்னியபெருமாள் மாமா மீசையத் தடவுனாரு. “மாப்ள, நீரு பேசுதது நல்லாருக்கு. ஒவ்வொரு சொல்லும் நெசம்தான?”

“சத்தியமா மாமா.”

“சரி, ஆரம்பியும்.”

நாடகம் ஆரம்பிச்சுச்சு. நான் புருசன். கருத்தப்பாண்டி பேன்ட்டுக்கு மேல சேலை சுத்திக்கிட்டு பொண்டாட்டி.

“ஏட்டி! தேசம் என்னக் கூப்பிடுது!”

“தேசத்துக்கு ஒங்க அட்ரஸ யாரு குடுத்தா?” ன்னான் கருத்தப்பாண்டி.

களம் சிரிச்சுச்சு. நான் முழிச்சேன். நான் எழுதுன வசனம் அது இல்ல. நான் எழுதுனது ‘ஐயோ, நாதா!’

சமாளிச்சுக்கிட்டு, “கலைஞனுக்கு வீடு ஒரு கூண்டுட்டி...” ன்னு ஆரம்பிச்சேன்.

“ஏய், நில்லு! நில்லுங்கேன்ல!”

நான் செலையா நின்னேன். கருத்தப்பாண்டி இடுப்புல கை வச்சபடி செலையா நின்னான். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பாத்துச்சு. ஓடிவந்தது அந்த ஊரு தவசி தாத்தா. அவருக்கு முன்னால அவரு வெள்ளாடு.

ஆடு எங்க ரெண்டு பேருக்கும் ஊடால ஓடுச்சு. தாத்தா அதப் பிடிச்சுக்கிட்டு நிமுந்து பாத்தா சுத்தி நூத்தம்பது பேரு. சட்டம்னா சட்டம். நான் செலை கலையாம, உதட்ட அசைக்காம, “தாத்தா, நில்லுன்னு சொல்லிட்டீரு. யாரு வேசம் வேணும்?” ன்னு கேட்டேன்.

“எனக்கு எந்த வேசமும் வேண்டாம்ப்பா. ஆடு போதும்.”

“முடியாது. யாராவது ஒரு ஆளா நின்னு ஒரு சொல்லு சொல்லணும்.”

தாத்தா யோசிச்சாரு. கருத்தப்பாண்டியப் பாத்தாரு. “ஏம்மா, இவ்வளவு ஒசரமான பொண்ண எங்கன பாத்து எடுத்தாவ?” ன்னு கேட்டாரு. களம் உருண்டு பெரண்டு சிரிச்சுச்சு. தாத்தா ஆட்டோட அங்கனயே உக்காந்துட்டாரு.

பூவனலிங்கம் சார் மட்டும் அங்க இருந்திருந்தா! மக்கள் உள்ள வந்துட்டாங்க, பேசிட்டாங்க! எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்த வேகத்துல அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

“பத்து நாள் போயிட்டு வாரேன்ட்டி!”

“அப்ப பிள்ளைய யாரு பாக்குதது?” ன்னான் கருத்தப்பாண்டி.

இதுதான் எடம்! இங்கதான் சங்கரபாண்டியன் எந்திரிக்கணும். நான் இருமுனேன். அவன் தரையப் பாத்துக்கிட்டு இருந்தான். கரிச மண்ணு வெடிப்புல ஒரு குச்சிய விட்டு ஆட்டிக்கிட்டு இருந்தான். திருப்பி இருமுனேன். மூணாவது தடவ இருமவும் ஒரு ஆச்சி, “பாவம், நெஞ்சுச்சளி. தூதுவளை குடுங்க,” ன்னா.

அப்ப ஒரு கொரல்.

“நில்லுங்க!”

பேபி!

பயல பக்கத்துல இருந்த பொம்பளைகிட்ட குடுத்துட்டு எந்திரிச்சு நிக்கா.

எனக்கு வேர்த்துட்டு. “ஏட்டி, அது செல்லாது! சட்டப்படி ‘நில்லு’ன்னுதான் சொல்லணும். நீ ‘நில்லுங்க’ன்னு சொல்லிட்ட.”

பேபி என்னப் பாக்கல. பெஞ்சப் பாத்தா. “பெரியப்பா, கட்டுன புருசன ஊரு நடுவுல ‘நில்லு’ன்னு சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

“அதான! மரியாதையாச் சொன்னா செல்லாதுன்னு ஒரு சட்டமா? மாப்ள, எங்க வீட்டுப் பிள்ளையள நாங்க அப்படி வளக்கல. ‘நில்லுங்க’ன்னாலும் செல்லும்!”

கைதட்டு.

சரி, செல்லட்டும். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம்தான். பொண்டாட்டி வேசத்துல நெசப் பொண்டாட்டியே வந்து நின்னா, பெரியப்பா முன்னால எதுத்துப் பேசவா போறா?

“வாட்டி, வா! அந்தச் சேலைய வாங்கிக்கோ,” ன்னேன்.

“நான் பொண்டாட்டி வேசத்துக்கு வரல. அதுதான் மூணு வருசமா போட்டுக்கிட்டு இருக்கேனே. எனக்குப் புருசன் வேசம் வேணும்.”

கருத்தப்பாண்டி உடனே சேலைய உருவ ஆரம்பிச்சான். “அண்ணே, மதினி புருசனா நின்னா நான் எப்படி பொண்டாட்டியா நிக்க? ‘என்னங்க, ஏங்க’ன்னு கூப்பிடணும்லா. மொறை தப்புண்ணே. ஊரு என்ன சொல்லும்?”

“ஏலே, நாடகம்லே!”

“நீங்கதான ஒவ்வொரு சொல்லும் நெசம்னீங்க?”

வன்னியபெருமாள் மாமா தொண்டையச் செருமுனாரு. “பாண்டி சொல்லுதது ஞாயம். பேபி புருசனா நின்னா, அவளுக்குப் பொண்டாட்டியா நிக்க மொறை உள்ள ஆளு இந்தக் களத்துல ஒருத்தருதான்.”

நூத்தம்பது பேரும் என்னப் பாத்தாவ. ஆடும் பாத்துச்சு.

கருத்தப்பாண்டி சேலைய என் மேல சுத்துனான். ஆறடி ஆளுக்குக் கட்டுன சேலை, எனக்கு ரெண்டு சுத்து சுத்தியும் மிச்சம் கெடந்துச்சு. பேபி என் தோள்ல கெடந்த துண்ட எடுத்துப் போட்டுக்கிட்டா. என் மூக்குக் கண்ணாடியக் கழட்டி மாட்டிக்கிட்டா. பேபி அதுவரைக்கும் நாலு பேரு கூடுன எடத்துல வாயத் தொறந்தவ இல்ல. அதுக்கப்புறம் எனக்கு எல்லாம் மங்கலாத்தான் தெரிஞ்சுச்சு. கண்ணாடி அவகிட்டல்லா இருந்துச்சு.

“ஏட்டி!” ன்னா.

களம் அதிர்ந்துச்சு. மூணு வருசமா நான் கூப்பிட்ட அதே ஏட்டி. அதே இழுவை.

“என்னங்க,” ன்னேன். கொரலு தானா கீச்சுன்னு வந்துட்டு.

“காப்பி எங்கட்டி?”

“இந்தா... கொண்டாரேன்.”

“ஒரு காப்பிக்கு எவ்வளவு நேரம்? நான் பெரிய பெரிய யோசனை பண்ணுத ஆளுட்டி. தலை சூடாவுதுல்லா!”

பொம்பளைய பக்கத்துல இருந்து ஒரு சிரிப்பு கெளம்புச்சு பாருங்க, மழைக்கு மேல மழை மாதிரி. அங்க பல வீட்டுல அந்தக் காப்பி ஓடுது போல.

“நான் ஒரு மாநாட்டுக்குப் போறேன்ட்டி.”

“என்ன... மாநாடு?”

“டைப்ரைட்டிங் மாநாடு. இந்தியாவுல உள்ள டைப்ரைட்டர் எல்லாம் ஒரே எடத்துல கூடுது. நம்ம மெசினு வரலன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க.”

மாமா மீசையத் துண்டால மறைச்சுக்கிட்டாரு. தோள் மட்டும் குலுங்குச்சு.

“பத்து நாள் ஆகும். ஏட்டி, பிள்ளைய யாரு பாக்குததுன்னு கேக்க மாட்டியா?”

ஆகா!

அந்த எடத்துலதான் என் மூளை மின்னல் மாதிரி வேலை செஞ்சுச்சு. சங்கரபாண்டியன் சொல்லாட்டா என்ன? பொண்டாட்டி வேசம் இப்ப என்கிட்டல்லா இருக்கு! அந்த செவப்பு ரிப்பன் வசனத்த நானே சொல்லலாமே! கிறுக்கி, என்ன மடக்குததா நெனச்சு, தானா வந்து என் வலையில விழுந்துட்டாளே! நல்ல பொண்டாட்டி எப்படிப் பேசணும்னு இப்ப ஊரு பாக்கட்டும், பேபியும் பாக்கட்டும்!

முந்தானைய இழுத்துச் சொருகுனேன். கை கூப்புனேன்.

“நீங்க போயிட்டு வாங்க! பத்து நாள் என்ன பத்து நாள்? பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்!”

“பின்னால கேக்கல!” ன்னு ஒரு சத்தம்.

“பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்!”

“பொங்கிப் போடுவியாட்டி?”

“பொங்குவேன்!”

“மூத்திரத்துணி அலசுவியா?”

“அலசுவேன்!”

“மொகஞ்சுழிக்காம?”

“சிரிச்சுக்கிட்டே அலசுவேன்!”

“ராத்திரி எந்திரிச்சு அழுதான்னா?”

“தோள்ல போட்டுத் தாலாட்டுவேன்! நீங்க எதப் பத்தியும் கவலப்படாமப் போங்க! இந்தப் பெரியவங்க முன்னால சத்தியம்!”

என் நடிப்ப நானே ரசிச்சேன். ஆச்சி ஒருத்தி மூக்கச் சிந்துனா.

நான் கூட்டத்தப் பாத்துத் திரும்புனேன். “சொல்லுங்க! இந்தப் பொண்டாட்டி சொன்னது சரியா? சரின்னா கை தூக்குங்க!”

ஒரு கை பாக்கி இல்ல. தவசி தாத்தா ரெண்டு கையையும் தூக்குனாரு. ஆடு ஓடிப்போச்சு.

ஜெயிச்சுட்டேன்! மார்ல சேலையோட நிமுந்து நின்னேன். “பாத்தியாட்டி? ஊரே சொல்லிட்டு!”

பேபி கண்ணாடியக் கழட்டி என் மூக்குல மாட்டி விட்டா. “பெரியப்பா, கேட்டீங்கள்லா?”

“கேட்டேன் தாயி.”

“அவிய வாயாலயே சொல்லிட்டாவ.” இடுப்புல இருந்து ஒரு கார்ட எடுத்தா. உப்பு பட்டு ஓரம் வெளுத்திருந்துச்சு. “வாற திங்கக்கிழமை திருநெல்வேலியில பால்வாடி டீச்சர் பயிற்சி. பத்து நாள். அங்க போயிட்டு வந்தா வேலை. பிள்ளைய யாரு பாக்குததுன்னுதான் தவிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப கவலை இல்ல.”

எனக்கு முதல்ல வெளங்கல. வெளங்குனப்ப சேலை நழுவிட்டு.

“மாமா! அது நான் சொன்னதில்ல. பொண்டாட்டி சொன்னது!”

“பொண்டாட்டி யாரு மாப்ள?”

“நான்தான். ஆனா...”

“அப்ப சொன்னது யாரு?”

“நான்தான் மாமா. ஆனா நான் நானா இருந்து சொல்லல!”

“பின்ன யாரா இருந்து சொன்னீரு?”

“அவளா இருந்து!”

“அவ அங்கன நிக்காளே. அவ ஒண்ணும் சொல்லலயே?”

நான் கருத்தப்பாண்டியப் பாத்தேன். அவன் ஆட்டத் தேடிப் போயிட்டான்.

“மாமா, இது நாடகம்!” கெஞ்சுனேன்.

மாமா எந்திரிச்சாரு. “மாப்ள, நாங்க நடிச்சுக்கிட்டா இருக்கோம்? வேலையப் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கோம். நீருதான் சொன்னீரு, நடிப்பு கிடையாது, எல்லாம் நெசம், நீங்க எடுக்குததுதான் முடிவுன்னு. எடுத்தாச்சு. நூத்தம்பது கை தூக்கிட்டு. இனி மாத்துனா இந்த ஊருக்கு மரியாதை இல்ல, ஒம்ம கலைக்கும் மரியாதை இல்ல.”

என் கலைக்கு மரியாதை! அந்த ஒரு சொல்லுல என்ன அடிச்சுப் போட்டுட்டாரு. சரின்னுட்டேன்.

(லோயர் பிள்ளை ஒண்ணுக்கு ரிப்பன் சிக்கிட்டு. எடுத்து விட்டாச்சு. விரலெல்லாம் மை.)

ஆறரை மணி பஸ்ஸுக்கு நின்னோம். வழியனுப்ப மாமாவும் வந்திருந்தாரு. பஸ்ஸு தூரத்துல புழுதியக் கெளப்பிக்கிட்டு வருது. மாமா பேபி தலையில கை வச்சாரு.

“நல்லாப் பேசுன தாயி. போன ஞாயித்துக்கிழமை ஒத்திகையில கூட இவ்வளவு நல்லா வரல.”

நான் மாமாவப் பாத்தேன். பேபியப் பாத்தேன்.

“என்ன ஒத்திகை?”

“ஏறுங்க, ஏறுங்க. எடம் போயிரும்,” ன்னா பேபி.

ஏறி உக்காந்ததும் திருப்பிக் கேட்டேன். “போன ஞாயித்துக்கிழமை நீ வத்தல் வாங்கத்தான ஊருக்கு வந்த?”

“வத்தலும் வாங்குனேன்.”

“நாடகம் ஒனக்கு எப்படிட்டி தெரியும்? தாளெல்லாம் பெட்டிக்கு அடியிலல்லா இருந்துச்சு!”

“தாள ஒளிச்சு வச்சீங்க. கார்பன ஒளிச்சு வைக்கலயே. வெளிச்சத்துல பிடிச்சா எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது.”

டைப்ரைட்டிங் வாத்தியார் நான். கார்பன மறந்துட்டேன்.

“அப்ப சங்கரபாண்டியன்...”

“வாயத் தொறக்கக் கூடாதுன்னு பெரியப்பா சொல்லிட்டாரு.”

“கருத்தப்பாண்டி?”

“மொறை தப்புன்னு எந்த எடத்துல சொல்லணும்னு ரெண்டு தடவ கேட்டுக்கிட்டாரு. பாவம், மறந்துருவாரோன்னு பயந்தேன்.”

“பின்னால இருந்து ‘கேக்கல’ன்னு ஒரு சத்தம் வந்துச்சே?”

“எங்க சித்தப்பா.”

“மூக்கச் சிந்துன ஆச்சி?”

“அவிய மட்டும் ஒத்திகையில ஒவ்வொரு தடவையும் அழுதாவ.”

பஸ்ஸு ஒரு பள்ளத்துல விழுந்து எந்திரிச்சுச்சு. பய என் மடிக்கு வந்து என் சட்டைப் பித்தான வாயில வச்சுக் கடிச்சான். பேபி ஜன்னல் வழியா காட்டப் பாத்துக்கிட்டே சொன்னா:

“நீங்க சொன்னது மெய்தாங்க. நல்ல நாடகம். ஊரே சேந்து நடிக்கலாம்.”

ஊரே சேந்துதான் நடிச்சிருக்கு. அன்னைக்கு அந்தக் களத்துல ஒண்ணும் தெரியாம வேடிக்கை பாத்த ஒரே ஆளு நான்தான், அதுவும் கண்ணாடி இல்லாம.